சாக்கும் சோளத்தட்டையும் தந்தவர்களுக்கு

வல்லநாட்டிலிருந்து ஓட்டப்பிடாரம் வரை எங்களுக்கு உதவிய அனைவருக்கும் வணக்கம்.

1801 பிப்ரவரி 2 அன்று பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையும் கூட்டாளிகளும் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓடினார்கள் அல்லவா, அதே தேதியில், அந்தக் காலத்து உடையில் அந்தத் தூரத்தை நடந்து பார்க்கக் கிளம்பிய பதினாறு பேர் நாங்கள்தான். கூடாரம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு செய்திருந்தோம். கூடாரம் அடித்துத் தங்கியது கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் படை; சிறையிலிருந்து ஓடியவன் தோளில் கூடாரம் ஏது? பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்று பெரியவர்கள் சொல்லிவைத்ததை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

முதல் இரவு வல்லநாட்டைத் தாண்டி உடைமரங்களின் அடியில் படுத்தோம். உடைமுள் மரத்தில் மட்டுமல்ல, தரையிலும் கிடக்கும் என்று முதுகு சொல்லித்தான் தெரிந்தது. நடுச்சாமத்தில் வேட்டி நனைந்து காலோடு ஒட்டிக்கொண்டது. ஊமைத்துரை வேடம் கட்டிய தம்பிக்கு விடிவதற்குள் தொண்டை கட்டிப் பேச்சே வரவில்லை. வேடத்துக்குப் பொருத்தம்தான் என்று சிரித்தோம், பாவிகள். அவனுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டுக் காசு வாங்க மறுத்த டீக்கடை அண்ணாச்சிக்கு முதல் நன்றி.

மறுநாள் இரவு ஓட்டப்பிடாரத்துக்கு இந்தப் பக்கம், மணல் மெத்தென்று இருக்கிறதே என்று ஒரு வறண்ட ஓடைக்குள் துண்டை விரித்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் ஆட்டுக்கிடை போட்டிருந்த கீதாரி ஐயா வந்து, “பள்ளத்தில்தான் குளிர் தங்கும், மேட்டுக்கு வாருங்கள்” என்று எங்களைக் கிளப்பினார். போர்வையை மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பதுதான் முக்கியம், குளிர் மண்ணிலிருந்து ஏறுகிறது என்றார். கரிசல் வெடித்திருக்கும் இடத்தில் தேள் இருக்கும் என்று டார்ச் அடித்துப் பார்த்து இடம் காட்டினார். அவர் சொன்னதற்காகத் தன் புஞ்சையில் அடுக்கியிருந்த சோளத்தட்டையையும் பன்னிரண்டு சாக்குகளையும் அந்த ராத்திரியில் எடுத்துக் கொடுத்த ஆச்சியை என்னவென்று சொல்வது! தட்டையைப் பரப்பி, மேலே சாக்கை விரித்து, தலையைத் துண்டால் மூடிப் படுத்தோம். ஆட்டு வாடையோடு அப்படி ஒரு தூக்கம் வீட்டுக் கட்டிலில்கூட வாய்த்ததில்லை.

படுக்கும் முன் கீதாரி ஐயா ஒரு கேள்வி கேட்டார். “அவர்கள் ஒரே ராத்திரியில் ஓடிப் போய்ச் சேர்ந்ததாகத்தானே சொல்கிறார்கள், நீங்கள் எதற்குப் படுக்கிறீர்கள்?” எங்களில் ஒருவரிடமும் பதில் இல்லை. ஆனால் கும்பினியார் இடித்துப் போட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களிலேயே மறுபடி எழுப்பிய அந்த ஜனங்கள், வேலை முடிந்த இரவுகளில் இப்படித்தான் தட்டைமேல் சாய்ந்திருப்பார்கள் என்று தோன்றியது. மறுநாள் 1974-இல் கட்டப்பட்ட நினைவுக் கோட்டையைச் சுற்றிப் பார்த்தபோதும் எனக்கு அதே நினைப்புதான்.

ஆச்சி, சாக்குகளைத் துவைத்துக் காயவைத்துவிட்டோம். பதினொன்றுதான் இருக்கின்றன, ஒன்றைக் கீதாரி ஐயாவின் நாய் விடவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருகிறோம்.

இப்படிக்கு,
பதினாறு பேர் சார்பாக, பாளையங்கோட்டையிலிருந்து