ஐந்து ரூபாய் வைஃபை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

கடை வாசலில் 'பிஎம்-வாணி வைஃபை' என்று ஒரு போர்டு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். "சர்க்கார் இலவசமா?" என்று கேட்காத ஆள் இல்லை. ரீசார்ஜ் கூட்டத்துக்கு நடுவில் பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. அதனால்தான் இந்த மடல்.

இலவசம் இல்லை. ஒரு நாளைக்கு ஐந்து ரூபாய், ஒரு ஜிபி. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்த திட்டம் இது. டீக்கடையோ மளிகைக்கடையோ, யாரும் லைசென்ஸ் இல்லாமல், பதிவுக் கட்டணம் இல்லாமல் வைஃபை விற்கலாம். பிறகு ஏன் இத்தனை வருடம் நம் கடைத்தெருவில் ஒன்றுகூட வரவில்லை? லைன் வாடகைதான் காரணம். வீட்டுக்குக் கொடுக்கிற அதே ஃபைபர் லைனைக் கடையில் வைத்து விற்கப் போகிறோம் என்றதும் பல மடங்கு விலை சொன்னார்கள். 2025 ஜூனில் டிராய் (போன், நெட் கம்பெனிகளை ஒழுங்குபடுத்துகிற மத்திய ஆணையம்) அதற்கு ஒரு வரம்பு வைத்தது: 200 எம்பிபிஎஸ் வேகம் வரையுள்ள இணைப்புக்கு, வீட்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. அப்புறம்தான் எங்களுக்குக் கட்டுபடியானது.

வைஃபையைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. 2024 ஜூலையில் மொபைல் கட்டணம் ஏறியதிலிருந்து, மாதாமாதம் போட முடியாமல் சிம்மை அப்படியே விட்டுவிடுகிறவர்களைப் பார்க்கிறோம். வயதானவர்கள், நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காக்கள்தான் அதிகம். சிம் போனால் நெட் மட்டுமா போகிறது? பேங்க், கேஸ், ஆதார் எல்லாம் அந்த நம்பரில்தான். உரிமைத்தொகை வரவான எஸ்எம்எஸ்ஸும் அதில்தான் வரும். ஓடிபி வராவிட்டால் ஒரு படிவம்கூட நகராது.

பட்டன் போன் வைத்திருக்கிற பாட்டிக்குத் தினம் ஒன்றரை ஜிபி எதற்கு? பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக் ஒன்றாவது ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவு போட்டது. ஒரு வருடம் வரை வேலிடிட்டி வைக்கலாம். இந்த பேக் விளம்பரத்தில் வராது, கேட்டால்தான் கிடைக்கும். "பேசுற பேக் மட்டும் போடுங்க" என்று சொல்லுங்கள், போட்டுவிடுகிறோம். எங்கள் கமிஷன் குறையத்தான் செய்யும், பரவாயில்லை.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. 2025 தொடக்கத்தில் வந்தபோதே 84 நாள் பேக் 450 ரூபாயை ஒட்டி இருந்தது. மாதக் கணக்கில் மலிவுதான். ஆனால் தினக்கூலி வாங்குகிறவர் கையில் மொத்தமாக அவ்வளவு தொகை எங்கே இருக்கும்? நமக்குப் பழக்கமானவர்கள் மூன்று தவணையாகக் கொடுக்கலாம். நோட்டில் எழுதி வைத்துக்கொள்கிறோம்.

ஆக, பேசுகிற பேக்கில் நம்பர் உயிரோடு இருக்கட்டும். நெட் தேவைப்படுகிற நாளில் மட்டும் இங்கே ஐந்து ரூபாய் கொடுத்தால் போதும். டச் போன் இருந்தால் பிஎம்-வாணி ஆப் ஒன்றை இறக்கி, ஓடிபி போட்டு ஒருமுறை பதிவு செய்ய வேண்டும். அதற்கு நெட் இல்லையென்றால் எங்கள் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் தருகிறோம். ஒருமுறை பதிந்துவிட்டால் வேறு ஊரில் இதே வைஃபை இருக்கும் இடத்திலும் அது செல்லும். மில்லில் வேலை செய்கிற வடமாநிலத் தம்பிகள் சிலர் ஏற்கெனவே ஆப்போடுதான் வருகிறார்கள்.

சிக்னல் பக்கத்து டீக்கடை பெஞ்சு வரைதான் எட்டும், வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடியாது. மாலையில் பிள்ளைகள் கூட்டம், வேகம் குறையும். டிஎன்பிஎஸ்சி, உதவித்தொகை, ரேஷன் கார்டு படிவம் போடுகிறவர்களுக்கு அரை மணி நேரம் காசு வேண்டாம். மற்றபடி இலவசமாக விட்டால் ரீல்ஸ் பார்க்கிறவர்களே பெஞ்சைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதால்தான் அந்த ஐந்து ரூபாய்.

போன் இல்லாதவர்கள் கடைக் கம்ப்யூட்டரில் உட்காரலாம், பக்கத்தில் இருந்து தம்பி சொல்லித் தருவான். பேங்க் பின் நம்பரை மட்டும் அவனிடம் சொல்லாதீர்கள், எங்களிடமும் வேண்டாம். காலை பத்து மணிக்கு முன் வந்தால் கூட்டம் இருக்காது. ஞாயிறு மதியத்தோடு கடை அடைப்பு.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு எதிரே ஜெராக்ஸ், ரீசார்ஜ் கடை