வெண்ணெய் வாசனை தேடும் புழு

கேம்பிரிட்ஜ்
18.11.2023

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலம்தானே? இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. குளிர் பழகிவிட்டது, ரசம்தான் இன்னும் உன் கைப்பக்குவத்துக்கு வரவில்லை.

"புழுவை வைத்துக்கொண்டு அப்படி என்னதான் செய்கிறாய்?" என்று போனில் கேட்டாயே. மாமாவின் வாழை வேரைக் கெடுக்கிறதே நூற்புழு, அதற்குத் தூரத்து உறவு இது. பெயர் சி. எலிகன்ஸ். ஆனால் பரம சாது. ஒரு மில்லிமீட்டர் நீளம், கண்ணாடி போல உடம்பு. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருக்கும் இருபால் புழு ஒன்றுக்கு நரம்பணு மொத்தமே 302. சிட்னி பிரென்னர் என்ற விஞ்ஞானி 1960-களில் இதே ஊரில்தான் இதை ஆராய்ச்சிக்கு எடுத்தார்.

கண்ணோ காதோ கிடையாது. சாப்பாடு பாக்டீரியா, அதை மோப்பம் பிடித்தே கண்டுபிடிக்கிறது. தலை நுனியில் வாய்க்கு இருபுறமும் உள்ள நரம்பு முனைகள்தான் மூக்கு. வாசனை கூடினால் நேரே போகும். குறைந்தால் பின்வாங்கி, திரும்பி, வேறு பக்கம் தேடும். திருவிழாவில் பஜ்ஜிக் கடை தேடிய தம்பியேதான்!

இதற்கு ரொம்பப் பிடித்த வாசனைகளில் ஒன்று டைஅசிட்டைல் என்ற பொருளுடையது. பாலைப் புளிக்க வைக்கும் பாக்டீரியாக்களில் சில இதை உண்டாக்கும், வெண்ணெய்க்கு அந்த மணம் இதனால்தான். தட்டில் ஒரு பக்கம் இதில் ஒரு சொட்டு வைத்துவிட்டு, எத்தனை புழு அங்கே போகிறது என்று எண்ணுவதுதான் என் வேலை. போன வாரம் குப்பியை மூட மறந்துவிட்டேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் முகம் சுளித்தார்கள். எனக்கோ நீ மத்தோடு உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. அப்புறம் திட்டும் வாங்கினேன்.

நோய் தரும் பாக்டீரியாவும் உண்டு. சூடோமோனாஸ் என்று ஒன்று, அதன் வாசனைக்கும் புழு முதலில் மயங்கித்தான் போகும். தின்று உடம்புக்கு வந்த பிறகு, சில மணி நேரத்திலேயே அந்த வாசனையை விட்டு விலக ஆரம்பித்துவிடும். அமெரிக்காவில் கார்னீலியா பார்க்மன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் 2005-இல் இதைக் காட்டினார்கள். நரம்பணுக்களுக்கு இடையே சேதி கொண்டுபோகும் செரட்டோனின் என்ற பொருள்தான் இந்தப் பாடத்தைப் புழுவுக்குப் புகட்டுகிறதாம். பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் சால்னா சாப்பிட்டு அப்பா மூன்று நாள் படுத்தாரே, அன்றிலிருந்து சால்னா வாசனை வந்தாலே எழுந்து போய்விடுகிறாரே, அதே கதைதான்.

இதை அவரிடம் படித்துக் காட்டாதே, புழுவோடு சேர்த்துவிட்டேன் என்று கோபித்துக்கொள்வார். இந்தப் பக்கம் யாராவது வந்தால் நெய் கொடுத்தனுப்பு. முருங்கை இலை போட்டுக் காய்ச்சியது.

உன் அன்பு மகள்