கொய்யா மரத்தின் அந்தக் கிளை

கண்ணு,

நேத்து போனில் நீ அதிகம் பேசவில்லை. "சரிம்மா, பார்க்கலாம்" என்று வைத்துவிட்டாய். நீ கத்தியிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை, அந்தப் "பார்க்கலாம்" தான் ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். பாப்பா கொய்யா மரத்தில் ஏறியது தப்பில்லை, அவளை ஏற விட்டதும் தப்பில்லை. நான் கத்தியதுதான் தப்பு. விழுந்த அன்றைக்குத்தான் அவள் முதல் தடவை ஏறினாள் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். அஞ்சு நாளாக ஏறிக்கொண்டிருந்தாள். முதல் நாள் அடிக்கவட்டையில் வயிற்றை வைத்துத் தொங்கிவிட்டு இறங்கிவிட்டாள், ரெண்டாம் நாள் அதில் உட்கார்ந்தாள், அதற்கு மேலே போக ரெண்டு நாள் யோசித்தாள். ஒவ்வொரு கிளையையும் கையால் ரெண்டு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் காலை வைப்பாள், யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. கால் கட்டைவிரலை அந்த வழவழப் பட்டையில் ஊன்றி ஊன்றி ஏறுவதைத் திண்ணையில் இருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அஞ்சாம் நாள் கீரையைக் கழுவிவிட்டு வெளியே வந்தபோது ரெண்டாவது கவட்டையில் நின்றுகொண்டிருந்தாள், என் தோள் உயரம் இருக்கும், எனக்கு என்ன ஆச்சோ தெரியவில்லை, "ஏய் விழுந்துருவே!" என்று கத்திவிட்டேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கை நழுவியது. அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டே இருக்கும்போது என்ன கேட்டாள் தெரியுமா? "அம்மாச்சி, அந்தக் கிளை ஒடிஞ்சுதா?" ஒடியவில்லை சாமி என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப நான்தான் கையை விட்டுட்டேன்" என்றாள். ஆறு வயசு. அழுகையெல்லாம் நின்று, எங்கே பிசகினோம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

நான் இதை லேசாகப் பேசுகிறேன் என்று நினைக்காதே. பதினோரு வருஷம் எலும்பு வார்டில் நின்றவள் நான். குழந்தைகளின் எலும்பு பச்சைக் குச்சி மாதிரி, வளைத்தால் ஒரு பக்கம் நார் பிரியும், மறுபக்கம் விடாமல் பிடித்திருக்கும். இவளுக்கும் அப்படித்தான், கிரீன்ஸ்டிக் என்று டாக்டர் உன்னிடமும் சொன்னார். நாலஞ்சு வாரத்தில் கூடிவிடும். மரம், திண்ணை, சைக்கிள் என்று விழுந்து கையில் கட்டோடு வந்த பிள்ளைகளை எண்ணிச் சொல்ல முடியாது, அவர்களில் பெரும்பாலும் எல்லோரும் கட்டுப் பிரித்துக்கொண்டு ஓடிப்போனவர்கள்தான். தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு போனவர்களையும் பார்த்திருக்கிறேன், அவர்கள் பிழைப்புக்கு ஏறிய பெரியவர்கள். நான் முகத்தை மூடி அனுப்பிய குழந்தைகள் வேறு. பைக்கில் முன்னால் உட்கார்ந்து வந்தவர்கள், கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றில் விழுந்தவர்கள், அறுந்து கிடந்த கம்பியைத் தொட்டவர்கள். அந்த முகங்கள் இன்னும் போகவில்லை.

அதனால்தான் கேட்கிறேன், மாப்பிள்ளை தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பாப்பாவை ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து ஹெல்மெட் இல்லாமல் ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறாரே, அதற்கு உங்கள் ரெண்டு பேருக்கும் ஏன் நெஞ்சு படபடக்கவில்லை? அஞ்சிலிருந்து இருபத்தொன்பது வயசு வரைக்கும் உலகத்தில் அதிகம் பேரைக் கொல்வது சாலை விபத்துதான் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. ரோட்டில் வருகிற லாரியைக் குழந்தையால் அளக்க முடியாது. கிளையை அவளால் அளக்க முடியும், கையால் அழுத்திப் பார்த்தாளே. ரெண்டும் ஒரே ஆபத்து இல்லை கண்ணு.

நீ படித்தவள், ஆதாரம் கேட்பாய், அதனால் நானும் உட்கார்ந்து தேடிப் படித்தேன். நார்வேயில் எல்லன் சாண்ட்செட்டர் என்ற அம்மா மழலையர் பள்ளிகளில் குழந்தைகள் எதை எல்லாம் பயந்துகொண்டே ஆசையோடு செய்கிறார்கள் என்று பார்த்து, 2007-இல் ஆறாகப் பிரித்தார்: உயரம், வேகம், கத்தி மாதிரி கருவிகள், தண்ணீரும் நெருப்பும், கட்டிப் புரள்வது, பெரியவர்கள் கண்ணில் படாமல் தனியாகச் சுற்றுவது. எனக்குச் சிரிப்பு வந்தது, நம் தெருவில் ஆறும் இருந்ததே! மரக்குரங்கு, குரங்குப் பெடல், அரிவாள்மனை, கிணறு, சடுகுடு, கண்ணாமூச்சி. பச்சைக்குதிரையை நினைத்துப் பார். முதலில் காலை நீட்டி உட்கார்ந்தவளைத் தாண்ட வேண்டும், அப்புறம் கால் மேல் கால், அதற்கு மேல் சாண், பிறகு எழுந்து கால் விரலைப் பிடித்துக் குனிவாள், கணுக்கால், முழங்கால் என்று ஏறிக்கொண்டே போகும். யாருக்கு எவ்வளவு தாங்குமோ அந்த இடத்தில் அவுட். எந்த வாத்தியாரும் இல்லாமல் பிள்ளைகளே பயத்தைப் படிப்படியாக ஏற்றிக்கொண்டார்கள்.

நியூசிலாந்தில் டுனீடின் ஊரில் 1972, 73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்று வரைக்கும் தொடர்ந்து பார்க்கிறார்கள். அதில் ஒரு விஷயம் எனக்கே புதுசு. அஞ்சு வயசுக்கும் ஒன்பது வயசுக்கும் நடுவில் விழுந்து அடிபட்ட பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயசில் உயரத்தைக் கண்டால் பயம் அதிகமாக இருக்கும் என்றுதானே நினைப்போம்? பயம் இல்லாதவர்களில்தான் அப்படி விழுந்தவர்கள் அதிகம். கனடாவின் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் 2024-இல் இப்படி விளையாட விடச் சொல்லிப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள் என்று டாக்டர்களுக்கு எழுதியிருக்கிறது.

உன் இடது முழங்கால் தழும்பு ஞாபகம் இருக்கா? அப்பா சைக்கிளில் பாருக்கு அடியில் காலை விட்டு ஓட்டி வாய்க்கால் மேட்டில் சரிந்தாயே. கிணற்றில் நீச்சல் பழகும்போது முதுகில் மிதவைக்குக் காய்ந்த சுரைப்புருடை, இடுப்பில் கயிறு, கயிற்றின் மறுமுனை மேலே அப்பா கையில். நீ முதல் தடவை குதிக்க முக்கால் மணி நேரம் படியில் நின்றாய், அப்பா தள்ளவில்லை. அந்தக் கிணற்றுக்கு இப்போது கம்பி வலை போட்டுப் பூட்டி வைத்திருக்கிறேன், சாவி என் முந்தானையில். நீச்சல் தெரியாத பிள்ளைக்குக் கிணறு விளையாட்டில்லை, அதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். முருங்கையிலும் ஏறக்கூடாது என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டேன், கையால் ஒரு கொம்பை ஒடித்தும் காட்டினேன். கண்ணை விரித்துக்கொண்டு பார்த்தாள்.

உங்கள் அபார்ட்மெண்ட்டில் ரப்பர் தரை போட்டு ஒரு சறுக்கு இருக்கிறது, மூணு படி. அதில் அவள் ரெண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்பதே இல்லை என்று நீயே சொன்னாய். சறுக்கின் மேலே வெளிப்பக்கமாக ஏறினாள், செக்யூரிட்டி விசில் ஊதினார், நீ இறக்கிவிட்டாய். நான் உன்னைக் குறை சொல்லவில்லை, பத்து அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளையை விட்டுவிட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும், இங்கே திண்ணையில் தனியாக நின்றபோதே என்னால் வாயைக் கட்ட முடியவில்லையே. இனிமேல் "விழுந்துருவே" என்று சொல்வதில்லை என்று முடிவு பண்ணியிருக்கிறேன். "அடுத்த காலை எங்கே வைக்கப் போறே?" என்று கேட்கப் போகிறேன். ஒண்ணும் கேட்காமல் கிட்டே போய் நிற்க முடிந்தால் இன்னும் நல்லது.

நேத்து சாயங்காலம் அப்பா அரிவாளை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார், அந்தக் கிளையை வெட்டிவிட்டால் உன் மனசு ஆறும் என்று. நான்தான் தடுத்தேன். அரிவாள் திண்ணையில் இருக்கிறது. அடுத்த லீவுக்குக் கட்டைப் பிரித்துவிட்டு அவளை அனுப்புவாயா, நீயும் கூட வருவாயா என்று சொல். நீ சொல்லும் வரைக்கும் வெட்ட விடமாட்டேன்.

அம்மா