குதிரைக் காணிக்கு முட்கம்பி ஏன் தருவதில்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கங்களில் ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் காணியில் குதிரை வளர்க்க முற்பட்டிருக்கும் சிலர், மரவேலிக்கான எங்கள் விலைக்குறிப்பைப் பார்த்துவிட்டு, கொங்கிரீட் தூணும் முட்கம்பியும் போட்டால் செலவு வெகுவாகக் குறையுமே என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது என்பதால் எழுத்திலேயே விளக்கம் தருகிறோம்.

மாடு வேலியில் மெல்லச் சாய்ந்து பார்த்து, முள் குத்தினால் விலகிக்கொள்ளும். குதிரையோ வெருண்டால் முதலில் ஓடும். காலில் கம்பி சிக்கினால் நிற்காமல் இழுக்கும். அதன் முழங்காலுக்குக் கீழே சதைப்பற்று இல்லை. தோலுக்கு அடுத்தது தசைநாரும் எலும்பும்தான் என்பதால், முட்கம்பி ஒருமுறை அறுத்தாலே அந்தக் கால் பழையபடி வராமல் போகலாம். மெல்லிய கொங்கிரீட் தூண் மோதலில் உடைந்தால், உள்ளிருக்கும் இரும்புக்கம்பி ஈட்டிபோல் நீட்டிக்கொண்டு நிற்கும்.

ஆகவே நாங்கள் போடுவது, வைரம் பாய்ந்த மரக்குற்றிகளை 8 அடிக்கு ஒன்றாக நட்டு, நாலரை முதல் 5 அடி உயரம் வரை சிலாகை (நீண்ட மரச்சட்டம்) அறைந்த வேலி. சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு ஏறத்தாழ 835 அடி; குற்றி மட்டும் நூற்றைந்து அளவில் வேண்டும். விலை ஏறுவது இங்கேதான். நிலாவெளி மணலில் 3 அடிக்குக் குறையாமல் தாழ்த்தாவிட்டால், மாரி மழையில் மண் இளகியதும் வேலி சரியும். எனவே ஒக்டோபருக்கு முன் வேலையை முடித்துவிடுவது நல்லது. ஆணிகள் துத்தநாகம் பூசியவையாகவே இருக்க வேண்டும், கடற்காற்றுக்குச் சாதாரண ஆணி தாங்காது. கறையானுக்கென்று கழிவு ஒயில் பூசுவதை நாங்கள் விரும்புவதில்லை. குதிரை மரத்தைக் கடிக்கும்.

சிலாகையை உட்புறமாக, குதிரை நிற்கும் பக்கத்தில் அறைய வேண்டும். எங்கள் முதல் வேலையில், பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று தெருப்பக்கமாக அறைந்தோம். அரிப்பெடுத்த பெண்குதிரை ஒன்று பின்புறத்தை வைத்துத் தேய்த்ததில், இரண்டு வாரத்துக்குள் ஆணிகள் ஒவ்வொன்றாகக் கழன்று சிலாகை வீதியில் கிடந்தது. குதிரை வெளியே போகவில்லை, அது எங்கள் அதிர்ஷ்டம். எங்கள் செலவிலேயே பிரித்து மறுபடி அறைந்து கொடுத்தோம்.

குட்டி இருக்கும் காணிக்குக் கம்பிவலை கேட்பவர்கள், கண் 2 அங்குலத்துக்கு 4 அங்குலமாக உள்ளதையே வாங்குங்கள். ஆட்டு வேலிக்கான பெரிய கண்களுக்குள் குளம்பு நுழைந்துவிடும். வலையின் மேல்விளிம்பில் ஒரு சிலாகை ஓடினால்தான் குதிரைக்கு எல்லை தெரியும். படலை உழவு இயந்திரம் புகும்படி 12 அடி அகலம் இருக்கட்டும். கொளுக்கியை உதட்டால் தள்ளித் திறக்கும் குதிரைகள் உண்டு, இரண்டாவது பூட்டு ஒன்று போடுங்கள். வேலியோரம் அழகுக்கு அலரி நடாதீர்கள், அதன் இலை குதிரைக்குக் கொடிய நஞ்சு.

மின்வேலி விரும்புவோருக்கு, விட்டுவிட்டுத் துடிப்பு தரும் அதற்குரிய கருவியோடு மட்டுமே செய்து கொடுப்போம். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பதற்கு எங்களிடம் ஓர் ஆணியும் கிடைக்காது.

முழுச்செலவும் ஒரே தடவையில் இயலாதவர்கள், கால் ஏக்கரை மட்டும் முறையாக அடைத்துத் தொடங்கலாம். மிகுதியைப் பிறகு இணைக்கும்படி மூலைக்குற்றிகளை அமைத்துத் தருவோம். காணியின் வரைபடத்தோடு கடைக்கு வாருங்கள்.

இங்ஙனம்,
வேலி வேலைப் பகுதியினர்,
திருகோணமலை