கார்டைத் திருப்பியும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கால்வாய்ப் படத் தபால் கார்டுகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். படங்கள் அருமை. ஆனால், ஒரு படத்தின் கீழே '1895, இங்கிலாந்து' என்று போட்டிருப்பது இடிக்கிறது. அந்தக் கார்டின் பின்பக்கத்தில் நடுக்கோடு இருப்பதாகவும், ஒரு பாதி முகவரிக்கு, மறுபாதி சேதிக்கு என்றும் கட்டுரையாளரே எழுதியிருக்கிறார். பிரிட்டனில் இந்தக் கோட்டுக்கு அனுமதி கிடைத்ததே 1902இல்தான். பிரான்சில் 1904, ஜெர்மனியில் 1905, அமெரிக்காவில் 1907. அதற்கு முன்னால் பின்பக்கம் முழுவதும் முகவரிக்குத்தான். சேதியைப் படத்தின் ஓரத்து வெள்ளையில் நுணுக்கி நுணுக்கி எழுதுவார்கள். இடம் போதாவிட்டால் ஆகாயத்திலும் தண்ணீரிலும் எழுதுவார்கள்.

படம் பிடித்தது 1895ஆகவே இருக்கலாம், மறுக்கவில்லை. ஒரே நெகட்டிவை வருடக்கணக்கில் அச்சடித்து விற்ற காலம் அது. படத்துக்கு ஒரு வயது, கார்டுக்கு ஒரு வயது, தபால் முத்திரைக்கு இன்னொரு வயது.

படகுக்காரப் பெண்ணின் சிவப்புப் பாவாடையை வைத்து அக்கால உடை பற்றி ஒரு பத்தியே எழுதியிருக்கிறார். அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எடுத்தது கறுப்பு வெள்ளைப் படம். வண்ணம் அச்சகத்தில் ஏறியது. அந்த நாளில் பல நாடுகளின் கார்டுகள் ஜெர்மனியில்தான் அச்சாயின. அச்சுக் கல்லில் வண்ணம் பிரித்தவர் அந்தக் கால்வாயைக் கண்ணால் கண்டிருக்க மாட்டார். ஒரே படம் இரண்டு பதிப்பில் என்னிடம் இருக்கிறது: ஒன்றில் படகு பச்சை, மற்றதில் பழுப்பு.

நம்ப வேண்டியது ஓரங்களை. அதே படத்தில் பாலத்தின் மூலையைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கரையில் நடக்கும் குதிரைதான் படகை இழுக்கும். மண் ஒட்டிய ஈரக்கயிறு ஆண்டுக்கணக்கில் உரசி உரசி, மூலையில் அடித்த இரும்புத் தகட்டிலேயே விரல் நுழையும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருக்கும். படகு சுமார் 70 அடி நீளம், 7 அடி அகலம். சரக்குப் போக, பின்கோடியில் இருக்கும் சின்ன அறைதான் குடும்பத்துக்கு வீடு. இப்படிக் குடியிருக்கும் படகுகளைப் பதிவு செய்யவும், ஒரு படகில் எத்தனை பேர் தங்கலாம் என்று வரையறுக்கவும் 1877இல் சட்டமே வந்தது.

இன்னொரு குறை. கார்டு வாங்கியவர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தவர். படகில் பிழைத்தவர்களில் பலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவர்கள் கதை வேண்டுமென்றால், கால்வாயில் சரக்குக்கு வசூலித்த சுங்கத்தின் சீட்டைத் தேட வேண்டும். படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் எவ்வளவு நிற்கிறது என்று குமாஸ்தா அளவுகோல் வைத்துப் பார்ப்பார். அட்டவணையைப் புரட்டி, இத்தனை டன் என்று கணக்கிட்டு வசூலிப்பார். படகு, சரக்கு, எடை, எங்கிருந்து எங்கே என்பதெல்லாம் அந்தக் கசங்கிய தாளில் இருக்கும். பழைய காகிதம் விற்பவர்கள் கார்டைக் கண்ணாடி உறையில் வைக்கிறார்கள். சீட்டைக் கட்டுக் கட்டாக மூலையில் போடுகிறார்கள். கட்டுரையில் சீட்டைப் பற்றி மூச்சே இல்லை.

முதல் தபால் கார்டை ஆஸ்திரியா-ஹங்கேரி வெளியிட்டது 1869 அக்டோபர் 1ஆம் தேதி. சூயஸ் கால்வாய் திறந்தது அதே ஆண்டு நவம்பர் 17. ஒரே வயதுக்காரர்கள்! அடுத்த பகுதியில் சூயஸ் வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அந்தக் கால்வாயின் வடமுனைத் துறைமுகமான போர்ட் சையதிலிருந்து கப்பல் பயணிகள் போட்ட கார்டுகளை அச்சிடும்போது பின்பக்கத்தையும் அதே அளவில் போடுங்கள். இடம் போதாதென்றால் படத்தைச் சிறிதாக்குங்கள், பாதகமில்லை.

வீட்டில் பழைய கார்டு வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: தபால்தலைக்கு ஆசைப்பட்டு அதைப் பிரித்தெடுக்காதீர்கள். என்னிடமுள்ள ஒரு கால்வாய்க் கார்டில் யாரோ ஆவி காட்டித் தபால்தலையை உரித்துவிட்டார்கள். முத்திரையில் பிறை போல ஒரு துண்டுதான் மிச்சம். மாதம் இருக்கிறது, வருடம் தலையோடு போய்விட்டது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்