அத்தை, அந்தச் சப்போட்டா மரத்தை வெட்டிவிடாதீர்கள்

அன்புள்ள அத்தைக்கு,

கார் நிறுத்த இடம் வேண்டும், கொல்லையில் இருக்கும் சப்போட்டா மரத்தை எடுத்துவிடப் போகிறோம் என்று போனில் சொன்னீர்களே, அப்போது நான் குவாத்தமாலாவில் ஃப்ளோரஸ் என்கிற ஏரித்தீவு ஊரில் விடிவதற்கு முன் வேனுக்காக நின்றுகொண்டிருந்தேன். லைன் விட்டு விட்டு வந்ததால் சரியாகப் பேச முடியவில்லை. அன்று பகல் முழுக்க நான் பார்த்ததைச் சொன்னால்தான் என் பதில் உங்களுக்குப் புரியும். மத்திய அமெரிக்காவின் ஆதிக்குடிகளான மாயர்களின் பழைய நகரங்களைப் பார்க்கக் குழுவோடு கிளம்புகிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நாங்கள் 12 பேர். டிக்கால் என்ற பழைய மாயர் நகரத்துக்குப் போய்ச் சேர ஒன்றரை மணி நேரம் ஆனது. வழிகாட்டிக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வீட்டில் பேசுவது கெக்சி. குவாத்தமாலாவில் இன்றும் பேசுகிற இருபதுக்கு மேற்பட்ட மாயர் மொழிகளில் அதுவும் ஒன்று. எங்களுக்குக் கொடுத்திருந்த பயணத் தாளில் 'மர்மமாக மறைந்துபோன மாயர்கள்' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அவர் அதை எடுத்து வாதம் செய்யவில்லை. பெருஞ்சதுக்கத்துக்கு வந்ததும் தரையில் கரி படிந்த ஒரு வட்டத்தைக் காட்டி, "எங்கள் ஆட்கள் இங்கே கோபல் பிசின் போட்டு நெருப்பு வளர்த்து வேண்டிக்கொள்வார்கள், மிதிக்காமல் சுற்றி வாருங்கள்" என்றார். கோபல் நம் சாம்பிராணி மாதிரிதான், அதுவும் மரத்துப் பால். அந்தத் தாளை அங்கேயே மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஆனால் நான் சொல்ல வந்தது கோயில்களுக்கு முன்னால் நடந்தது. காட்டு வழியில் ஒரு பெரிய மரத்தடியில் அவர் எங்களை நிறுத்தினார். அடிமரம் முழுக்கப் பழைய வெட்டுத் தழும்பு. இடமும் வலமுமாகச் சாய்த்துச் சாய்த்துப் போட்ட கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு, ஆள் உயரத்துக்கும் மேலே ஏறிப் போகின்றன. ஓரங்கள் உதடு மாதிரி தடித்து மூடியிருந்தன. அவருடைய அப்பா சிக்லே என்கிற மரப்பால் எடுக்கிறவராம். மழைக் காலத்தில் கயிறு கட்டி ஏறி அரிவாளால் கீறுவார், பால் அந்தக் கோடு வழியாகவே வழிந்து அடியில் கட்டிய பைக்குள் இறங்கும், அதைக் காய்ச்சிக் கட்டியாக்குவார். ஒரு காலத்தில் உலகம் மென்ற சூயிங்கம் அந்தப் பால்தான். காட்டுக்குள் மூலைமுடுக்கெல்லாம் போனவர்கள் இவர்கள் என்பதால், புதைந்து கிடந்த நகரங்கள் பலவற்றை முதலில் கண்டு வந்து சொன்னவர்களும் இவர்களே.

நான் அண்ணாந்து பார்த்தேன். கிளை நுனியில் கொத்துக் கொத்தாக இலை, நடுவில் பழுப்புத் தோல் காய். நம் கொல்லை மரமேதான் அத்தை! அவர்கள் சிக்கோசப்போத்தே என்கிறார்கள். நம் 'சப்போட்டா'வே மெக்சிகோவின் நஹுவாட்டில் மொழிச் சொல் ஸ்பானியர் வாயில் புரண்டு வந்ததுதான். சீமை இலுப்பை என்று பாட்டி சொல்வாரே, சீமை என்றது இந்தக் காட்டைத்தான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அப்புறம் அரண்மனை வளாகத்துக்குள் போனோம். மாயர்கள் கல்லை வளைத்து முழு வளைவு கட்டவில்லை. இங்கே வாசலுக்கு மேலே சப்போட்டா மரத்தை உத்தரமாகப் படுக்கப் போட்டு, அதன் மேல் கல்லை ஏற்றினார்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேலான அந்த உத்தரங்களில் சில இன்னும் சுமந்துகொண்டு நிற்கின்றன. ஒன்றின் அடியில் நின்று பார்த்தேன். நிறம் வறுத்த காப்பிக்கொட்டை, நெடுக நார் பிரிந்த கோடுகள். தண்ணீரில் போட்டால் மூழ்குகிற மரம், கரையான் லேசில் தொடாது. அதை இரும்பே இல்லாமல் கல் கோடரியால் வெட்டிச் செதுக்கியிருக்கிறார்கள்.

முதல் கோயில் என்று எண் போட்டு அழைப்பது 47 மீட்டர் உயரம். 682-இல் பட்டத்துக்கு வந்த ஜசாவ் சான் கவீல் என்ற அரசரின் சமாதிக் கோயில். உச்சி அறையின் உத்தரத்தில் 695-இல் அவர் பகை நகரமான கலக்முல்லின் அரசை வென்ற கதை செதுக்கியிருக்கிறது, மாயர் கணக்கில் நாளும் போட்டு. அந்த நாள் நம் காலண்டரில் எது என்று அறிஞர்களுக்குள் நெடுநாள் சண்டை. இந்தக் கோயிலின் சப்போட்டா உத்தரத்தில், மரத்தின் வயதைக் கணிக்கும் கார்பன் சோதனை செய்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலோர் நம்பிவந்த கணக்கு சரி என்று மரம் சொல்லிவிட்டது.

நான்காம் கோயிலில் எங்களுக்குக் கொடுத்தது 20 நிமிடம். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. சுமார் 65 மீட்டர், பக்கவாட்டில் மரப்படி. மேலே போனால் பச்சைக் காட்டுக்கு மேல் மற்ற கோயில்களின் தலை மட்டும் தெரியும், ஊளைக்குரங்குகள் புலி மாதிரி உறுமும். எல்லோரும் அதைப் படம் பிடித்துவிட்டு இறங்கினார்கள். இங்கே இருந்த செதுக்கிய உத்தரங்களை 1877-இல் பெர்னூலி என்ற சுவிஸ் மருத்துவர் பெயர்த்து அனுப்ப ஏற்பாடு செய்ததால் அவை இன்று பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. இதை வழிகாட்டி சொல்லும்போது கேட்க நாங்கள் மூன்று பேர்தான் நின்றோம்.

இன்னொன்றும் சொன்னார். ஏறக்குறைய 741-இல் இந்தக் கோயிலைக் கட்டியபோது பெரிய பெரிய சப்போட்டா மரங்கள் கிடைத்திருக்கின்றன. அதற்குப் பிறகு கட்டியதில் சாயத்துக்கு வெட்டுகிற ஒரு கோணல் மரத்தைப் போட்டிருக்கிறார்கள், செதுக்கவே லாயக்கில்லாதது. சப்போட்டா திரும்ப வந்தபோது சின்னச் சின்ன மரங்களாக வந்தது. டிக்காலில் நாள் குறித்து நட்ட கடைசிக் கல் 869-ஐச் சேர்ந்தது. போர், வறட்சி என்று காரணம் பல உண்டு. ஆனால் நல்ல மரம் தீர்ந்துபோன ஊர் என்று அவர் சொன்னபோது குரல் தாழ்ந்துவிட்டது.

இறங்கும்போது ஒரு பழம் கொடுத்தார். நம்முடையதைவிடச் சின்னது, கொஞ்சம் மணல் மணலாக இருந்தது, இனிப்பு அதேதான். கெக்சியில் நன்றிக்கு 'பன்ட்யோஷ்' என்று சொல்லிக்கொடுத்தார். இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

போன பொங்கலுக்கு வந்தபோது வீட்டின் வடக்குப் பக்கத்தை அளந்தேன். துளசி மாடத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் 9 அடி கிடைக்கிறது, மாமாவின் கார் தாராளமாக நிற்கும். கேட்டை அந்தப் பக்கம் மாற்றுகிற செலவு என்னுடையது. மாமாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். ஆள் வரச் சொல்லியிருந்தால் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருமகன்