எழுபது புளியமுத்து

எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கும், பெற்றோருக்கும், பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் தொடக்கப் பள்ளி டீச்சரின் வணக்கம்.

நேற்று வகுப்பறை அலமாரியை ஒதுங்க வைத்தேன். முழு ஆண்டு விடுமுறைக்கு முன்னால் வருடா வருடம் செய்கிற வேலைதான். இந்த முறை ஒவ்வொரு பொருளை வெளியே எடுக்கும்போதும் அதைக் கொண்டுவந்து கொடுத்தவரின் முகம் கூடவே வந்தது. ஈர்க்குக் கட்டுகள், சட்டைப் பொத்தான் நிரம்பிய ஹார்லிக்ஸ் பாட்டில், கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய எண்கள், பழைய பேப்பர் கட்டு, அப்புறம் ஒரு பல்லாங்குழிப் பலகை. இதில் நான் காசு கொடுத்து வாங்கியது ரப்பர் பேண்டு மட்டும். மற்ற எல்லாம் உங்கள் வீட்டிலிருந்தும் கடையிலிருந்தும் வந்தவை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்வரை இதைச் சொல்லாமல் வைத்திருக்க மனம் வரவில்லை.

உங்களுக்குத் தெரியும், நம்முடையது ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் அம்மாவிடம். ஒன்று, இரண்டு, மூன்று என்னிடம், மொத்தம் 27 பிள்ளைகள். 2022-இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து இந்த மூன்று வகுப்பையும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கிறோம். ஒரு குழுவோடு நான் உட்காரும்போது மற்ற இரண்டு குழுவின் கையிலும் வேலை இருந்தாக வேண்டும். இல்லையென்றால் இங்கே ஒருவன் பென்சிலைக் காணோம் என்பான், அங்கே ஒருத்தி அழுதுகொண்டு வருவாள். அந்த வேலையைத் தயார் செய்ய நான் ராத்திரி பதினொரு மணி வரை சார்ட் வெட்டி, ஒட்டி, வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பாடுபட்டுச் செய்ததைப் பிள்ளைகள் கிழித்துவிடுவார்களோ என்று சுவரில் உயரத்தில் மாட்டிவிடுவேன். அவர்கள் அதைத் தொட்டதே இல்லை.

அதை மாற்றிய மூத்த டீச்சருக்கு என் முதல் நன்றி. ஓய்வு பெற்ற பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் டவுன் பஸ் ஏறி வந்தார்கள். 2007-இல் செயல்வழிக் கற்றல் தமிழ்நாடு முழுக்க வந்தபோது ஒன்றாம் வகுப்பு எடுத்தவர்கள் அவர்கள். அப்போது பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்றபடி சுவரின் அடியில் அமைத்த கரும்பலகை இன்றும் நம் வகுப்பில் இருக்கிறது. நான் அதை மறைத்து பீரோ போட்டிருந்தேன். வந்த முதல் நாளே பீரோவை நகர்த்தச் சொன்னார்கள். "ஆளுக்கு ஒரு கட்டம், ஆளுக்கு ஒரு சாக்பீஸ். இதுக்கு மேல என்னம்மா வேணும்?" என்று கேட்டார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: எடுத்து வைக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகிற எதையும் தினப்படி வேலையாக வைக்காதே, பிள்ளையே எடுக்கணும், பிள்ளையே திரும்ப வைக்கணும். இந்த வருடம் முழுக்க நான் பிடித்துக்கொண்டது இந்த ஒரு சொல்லைத்தான்.

அவர்கள் அன்று செய்து காட்டியதை அப்படியே சொல்கிறேன். நான்கு அட்டைத் துண்டை எடுத்து ப, ட, ட, ம என்று எழுதித் தரையில் வரிசையாக வைத்தார்கள். பக்கத்தில் ஒரு கை புளியமுத்து. "முத்துதான் புள்ளி. எந்த எழுத்து மேல வேணும்னாலும் வை. ஆனா வச்சதை வாய்விட்டுப் படிக்கணும்." ஒரு பையன் முதலில் ப-வின் மேல் வைத்தான். உதட்டை ஒட்டி 'ப்' என்று நிறுத்தினான், அதற்கு மேல் சொல் நகரவில்லை. முத்தை எடுத்து நடு ட-வுக்கு மாற்றினான். இன்னொரு முத்தை எடுத்துக் கடைசி ம-வின் மேல் வைத்தான். மெதுவாக, எழுத்து எழுத்தாக, 'பட்டம்' என்றான். ஒரு ட-வை எடுத்துவிட்டால் படம். பட்டத்தில் ப-வை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு ம-வை வைத்தால் மட்டம். அப்புறம் டீச்சர் துணைக்கால் எழுதிய துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். படத்துக்குக் கால் வைத்தால் பாடம், மடத்துக்குக் கால் வைத்தால் மாடம். மூன்றே எழுத்து, ஒரு புள்ளி, ஒரு கால். அந்தப் பையன் அன்று சாப்பாட்டு மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை. புள்ளி என்பது எழுத்தின் ஓசையைப் பாதியில் நிறுத்துகிறது என்பதைப் பலகையில் எழுதி எழுதி நான் விளக்கியிருக்கிறேன். கையால் முத்தை நகர்த்தியபோதுதான் அது அவனுக்குப் பிடிபட்டது.

அந்த அட்டையெல்லாம் பாவூர்சத்திரத்து அச்சகக்காரர் கொடுத்தது. பத்திரிகை அடித்து ஓரம் வெட்டியதும் மிஞ்சுகிற துண்டுகளை மாதம் ஒரு பை சேர்த்து வைத்தார். ஐயா, உங்கள் துண்டு அட்டையில் நான் செய்த இன்னொரு வேலையையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இருபத்து மூன்று எழுது என்றால் பாதிப் பிள்ளைகள் 203 என்று எழுதுவார்கள். அவர்கள் காதில் விழுந்ததைத்தான் எழுதுகிறார்கள். முதலில் இருபது, அப்புறம் மூன்று. இதற்குத் தப்பு என்று சிவப்பு மையில் சுழித்து ஒரு பயனும் இல்லை. நீளமான அட்டையில் 20, அதில் பாதி அளவு அட்டையில் 3. சின்னதைப் பெரியதின் பூஜ்யத்தின் மேல் வைத்தால் 23. தூக்கிப் பார்த்தால் கீழே பூஜ்யம் இருக்கிறது. பிள்ளைகள் தூக்குவார்கள், மூடுவார்கள், மறுபடி தூக்குவார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அவர்களுக்கு அலுக்கவில்லை.

அட்டையோடு ஈர்க்கும் வேண்டும். விளக்குமாறு கட்டி விற்கும் அக்கா, நீளம் குறைந்து கழித்துப் போட்ட ஈர்க்கையெல்லாம் முனை குத்தாமல் ஒரே அளவாக நறுக்கிக் கொடுத்தார். பத்துக்கு ஒரு ரப்பர் பேண்டு. இரண்டு கட்டும் மூன்று உதிரியும் சேர்ந்தால் 23. கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு வரும்போது ஒரு கட்டை அவிழ்க்க வேண்டும். 'கடன்' என்ற சொல்லையே நான் விட்டுவிட்டேன், 'கட்டை அவிழ்' என்றுதான் சொல்கிறோம். 32-இலிருந்து 5-ஐ எடு என்றால், "ரெண்டுதான் உதிரி இருக்கு, ஒரு கட்டை அவிழ்க்கணும் டீச்சர்" என்று மூன்றாம் வகுப்புப் பிள்ளை தானாகச் சொல்கிறாள். அக்கா, நீங்கள் முனையைத் தேய்த்துக் கொடுத்ததால் ஒரு பிள்ளைக்கும் கையில் குத்தவில்லை. அதைத் தனியாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

காலை உணவு சமைக்கிற அக்காவுக்கு எவ்வளவு சொன்னாலும் தீராது. 2023 ஆகஸ்ட்டில் அந்தத் திட்டம் நம்மைப் போன்ற கிராமத்துப் பள்ளிகளுக்கும் வந்தபோது, பிள்ளைகள் பசியில்லாமல் உட்காருவார்கள் என்பதோடு சரி என்றுதான் நினைத்தேன். தாழ்ந்த கரும்பலகையில் அன்றன்றைக்கு என்ன சாப்பாடு என்று எழுதச் சொன்னபோது, "எனக்குக் கையெழுத்து நல்லா இருக்காதே டீச்சர்" என்று தயங்கினார். ஆனால் ஒரு நாளும் தவறாமல் எழுதினார். கிச்சடி, பொங்கல், உப்புமா. பாடப்புத்தக வரிசையில் பார்த்தால் 'பொ', 'ங்' எல்லாம் பின்னால் வரவேண்டியவை. ஆனால் ஒன்றாம் வகுப்பில் பலர் தானாகப் படித்த முதல் சொல்லே 'பொங்கல்'தான். ஒரு புதன்கிழமை சின்னவள் ஒருத்தி மூச்சிரைக்க ஓடி வந்தாள். "டீச்சர், போர்டுல கிச்சடின்னு இருக்கு, ஆனா சட்டியில பொங்கல் இருக்கு!" செவ்வாய்க்கிழமை எழுதியதை அக்கா அழிக்க மறந்திருந்தார். படம் பார்த்துச் சொல்கிறாளா, மனப்பாடமாகச் சொல்கிறாளா என்று அதுவரை எனக்குச் சந்தேகம் இருந்தது. அன்றோடு தீர்ந்தது.

தட்டு எண்ணுவதும் அந்த அக்கா ஏற்பாடுதான். பள்ளியில் மொத்தம் 44 பேர். வராதவர்கள் ஐந்து பேர் என்றால் எத்தனை தட்டு எடுக்க வேண்டும்? அக்காவுக்கு விடை தெரியும். இருந்தாலும் மொட்டுக் குழுப் பிள்ளை ஒன்று விரல் மடக்கி 43, 42, 41, 40, 39 என்று பின்னால் எண்ணி முடிக்கும்வரை கரண்டியைக் கையில் பிடித்தபடி நிற்பார்.

இதே பொறுமை பெட்டிக்கடை அண்ணாச்சியிடமும் உண்டு. நேற்றைய பேப்பரைக் கட்டி அனுப்புவது அவர்தான். இன்று 'ழ', நாளை 'ற' என்று ஒரு எழுத்தைச் சொன்னால் போதும், அரைப் பக்கப் பேப்பரில் தேடித் தேடி வட்டம் போட்டுக்கொண்டே இருப்பார்கள். எனக்கு ஆகிற தயாரிப்பு பேப்பரை நாலாகக் கிழிப்பது மட்டும்தான். ஆனால் அண்ணாச்சி செய்த பெரிய உதவி அது இல்லை. பிள்ளைகள் கடைக்குப் போனால் பாக்கெட்டில் இருக்கும் பெயரைப் படிக்கச் சொல்கிறார். பத்து ரூபாயை நீட்டினால், "மிச்சம் எவ்வளவு தரணும், நீயே சொல்லு" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார். சாயங்கால நேரத்தில் கடை வாசலில் ஆட்கள் நிற்கும்போதும் காத்திருக்கிறார். அவசரப்படாமல் நின்ற அந்த வாடிக்கையாளர்களுக்கும் இதிலேயே நன்றி சொல்லிவிடுகிறேன்.

தையல்கடைத் தம்பி கொடுத்த பொத்தான்கள் நிறம், அளவு, துளை பார்த்துப் பிரிக்க உதவின. மினிபஸ் டிரைவர் அண்ணன் முன்பலகையில் உள்ள ஊர்ப் பெயர்களைப் பிள்ளைகள் படித்து முடித்த பிறகே வண்டியை எடுத்தார். ஆலங்குளமும் சுரண்டையும் அப்படித்தான் அவர்களுக்கு மனதில் பதிந்தன. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கதை படிக்க அனுப்பினார்கள் தலைமையாசிரியர் அம்மா. படித்துக் காட்டிய பெரிய பிள்ளைகளின் வாசிப்பும் நன்றாகத் தெளிந்தது.

மார்கழியில் ஒரு அம்மா பள்ளி வாசலில் ஊடுபுள்ளிக் கோலம் போட வந்தார். நடுவரிசையில் 7 புள்ளி, இரண்டு பக்கமும் 6, 5, 4. மொத்தம் எத்தனை என்று மூன்றாம் வகுப்பிடம் கேட்டேன். சிலர் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள், நடுவில் விட்டுவிட்டு மறுபடி தொடங்கினார்கள். ஒருத்தி மட்டும் எண்ணாமல் நின்று பார்த்தாள். "ரெண்டு ஆறு பன்னிரண்டு, ரெண்டு அஞ்சு பத்து, ரெண்டு நாலு எட்டு, எல்லாம் முப்பது. நடுவுல ஏழு. முப்பத்தேழு டீச்சர்." அவள் அம்மா பீடி சுற்றுகிறவர். 25 பீடி ஒரு கட்டு, நாலு கட்டு நூறு, நாற்பது கட்டு ஆயிரம் என்று வீட்டில் ராத்திரி ஒலிக்கிற கணக்கைக் கேட்டு வளர்ந்த பிள்ளை. கூட்டம் கூட்டமாகப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். பீடி சுற்றும் அம்மாக்கள் எல்லாருக்கும் சொல்கிறேன்: நீங்கள் எண்ணும்போது கொஞ்சம் சத்தமாக எண்ணுங்கள்.

ஆடி மாதக் கூட்டத்தில் சிலர், "பிள்ளைங்க நோட்டுல ஒண்ணும் எழுதலையே, முத்தை உருட்டிட்டு இருக்காங்களே" என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். அதன் பிறகு வகுப்பில் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தீர்களே, அதற்கு நன்றி. இரண்டு பிள்ளைகளுக்குக் கொம்பு வைத்த எழுத்துகளில் இன்னும் தடுமாற்றம் இருக்கிறது. அவர்களை அடிக்காமல், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் இருக்கும் அந்த இரண்டு குடும்பத்துக்கும் என் கையெடுத்த வணக்கம். ஜூனில் அவர்களோடுதான் முதலில் உட்காருவேன்.

கடைசியாக, பல்லாங்குழிப் பலகையைக் கொடுத்த ஆச்சிக்கு. மத்தியானம் மூன்று மணிக்கு வாசலில் பாய் விரித்து உட்கார்ந்து, குழியில் நாலு முத்து சேர்ந்ததும் 'பசு' என்று எடுப்பார். எண்ணவே மாட்டார். பிள்ளைகள் விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினால், "தொடாம சொல்லு" என்பார். கொஞ்ச நாளில் அவர்களும் தொடாமல் சொன்னார்கள். மூன்று, நான்கு, ஐந்து எல்லாம் பார்த்த மாத்திரத்தில் வந்துவிட்டன. அதற்குப் பிறகு கூட்டல் சொல்லிக்கொடுக்க எனக்குப் பாதி நேரம்தான் ஆனது. ஆச்சிக்கு எழுத்து தெரியாது. இந்த மடலை இரண்டாம் வகுப்பு படிக்கும் அவர் பேத்திதான் படித்துக் காட்டப் போகிறாள். மேலே உள்ளதெல்லாம் அவளுக்கு நீளம். அதனால் ஆச்சிக்கான வரிகளை அவள் தனியாகப் படிக்கும்படி எழுதுகிறேன். கண்ணு, இங்கிருந்து நீ படி.

ஆச்சி, வணக்கம்.
பலகை பள்ளியில் இருக்கிறது.
குழி பதினான்கு. குழிக்கு ஐந்து முத்து.
மொத்தம் எழுபது முத்து. நானே எண்ணினேன்.
ஒன்றும் தொலையவில்லை.
மழை வந்தால் நனையாது. அலமாரியில் வைத்தோம்.
லீவு முடிந்ததும் வாங்க ஆச்சி.
வாசலில் பாய் போட்டு வைக்கிறோம்.